லின்டல் வெர்காம்பின் இரண்டாவது ஆணி

மில்பர்ன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி எந்தக் கூட்டமைப்பையும் சேராதது. தெற்கு இண்டியானாவில் எங்களைச் சுற்றியுள்ள மற்ற ஏழு கல்லூரிகளும் 'ஒன்பது மாவட்டக் கூட்டமைப்பு' என்பதில் இருக்கின்றன. ஏழும் சேர்ந்து ஐந்து மாவட்டங்களில்தான் இருக்கின்றன. பெயரை யாரும் திருத்தவில்லை.

ஏழு ஒற்றைப்படை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆறு அணிகள் மூன்று ஜோடியாக மோதும், ஏழாவது அணி சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் அணியைப் பிடித்து எங்களோடு ஆட வைப்பதுதான் லின்டல் வெர்காம்பின் வேலை. ஏழு சனிக்கிழமை, ஏழு அணி. ஆக, கூட்டமைப்பில் சேராத நாங்கள் ஆண்டுதோறும் கூட்டமைப்பின் ஏழு அணிகளோடும் ஆடுகிறோம். சேர்ந்திருந்தாலும் அதே ஏழு பேரோடுதான் ஆடியிருப்போம். சேர்ந்திருந்தால் நாங்கள் தோற்றது அவர்கள் பட்டியலில் ஏறும், இப்போது ஏறுவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த வித்தியாசத்துக்காக எங்கள் ஊர் இரண்டாகப் பிளந்து கிடந்த கதையைத்தான் சொல்கிறேன். ஆட்டத்தில் பந்து எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளக்கும் பத்து கெஜச் சங்கிலியின் ஒரு முனையைப் பதினாறு ஆண்டுகளாகப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான். சங்கிலியை வைக்கும் அறையும் லின்டலின் அலுவலகமும் ஒன்றே. பார்வையாளர் மரப்படிகளுக்கு அடியில் இருக்கிறது. அதனால் அவர் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

லின்டல் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவர். அட்டவணைச் செயலர் என்ற பதவிக்கு அவர் வந்து இருபத்தொன்பது ஆண்டுகள். யாரும் அவருக்கு வேலை கற்றுக் கொடுக்கவில்லை. முன்பிருந்தவர் விட்டுப்போனது ஒரு தொலைபேசியும் சுவரில் ஒரு ஆணியும்தான். முதல் ஆண்டு அவர் ஒவ்வொரு பயிற்சியாளரையும் கூப்பிட்டு, "எங்களோட ஆட வர்றீங்களா?" என்று நேராகக் கேட்டார். ஏழு பேரும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அந்த ஆண்டு சனிக்கிழமை காலியாகாமல் இருக்க எங்கள் அணி ஒரு சிறைச்சாலைக் காவலர் அணியோடுகூட இரண்டு முறை ஆடியது.

அதன்பின் அவர் ஒரு முறையைத் தானே கண்டுபிடித்தார். செவ்வாய்க்கிழமை காலை, தானியச் சந்தை விலை வானொலியில் முடிந்ததும் கூப்பிட வேண்டும். முதல் பத்து நிமிடம் கால்பந்து என்ற சொல்லே வரக் கூடாது. மழை, சோளம், மாமியாரின் முழங்கால். யார் வீட்டில் யாருக்கு எந்த முழங்கால் என்பதற்குத் தனி நோட்டு உண்டு. பதினோராவது நிமிடத்தில், போகிற போக்கில், "ஆமா, அக்டோபர் மூணாவது சனிக்கிழமை உங்களுக்கு என்ன?" என்று கேட்க வேண்டும்.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். அடுத்த மாதம் வா என்றால் ஆயிரம் சாக்குச் சொல்கிறவன், பத்து வருடம் கழித்து வா என்றால் உடனே சரி என்பான். அதனால் லின்டல் தொலைதூர ஆண்டுகளையும் நிரப்பத் தொடங்கினார். வராத ஆண்டுகளுக்கு நாட்காட்டி கிடைக்காதே. ஈமச்சடங்கு நிலையம் இலவசமாகக் கொடுக்கும் பெரிய நாட்காட்டியின் பின்பக்கத்தில் அவரே அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு, பென்சிலால் எழுதி, எல்லாவற்றையும் அதே ஆணியில் வரிசையாக மாட்டி வைத்திருந்தார். முன்னால் இந்த ஆண்டு, பின்னால் அடுத்தது, அதன் பின்னால் அதற்கடுத்தது. 2041 வரை எங்களுக்கு ஆட்டம் இருக்கிறது. 2041-இல் வருவதாக வாக்குக் கொடுத்திருக்கும் பயிற்சியாளருக்கு அப்போது வயது தொண்ணூற்றொன்று ஆகும்.

"வருவாரா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வாக்குக் குடுத்திருக்காரே" என்றார் லின்டல்.

இருபத்தொன்பது ஆண்டுகளில் ஒரு சனிக்கிழமைகூட எதிரணி இல்லாமல் போனதில்லை. எங்கள் அணி அவற்றில் பெரும்பாலானவற்றில் தோற்றது. அது வேறு இலாகா.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒஹையோ மாநிலத்திலிருந்து புதிய கல்லூரித் தலைவர் வந்தார். டாக்டர் மார்லா பிக்ஸ்லர். கெட்டவர் அல்ல. வந்த முதல் மாதமே, நாம் ஏன் கூட்டமைப்பில் இல்லை என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. பதில் தெரியாததாலேயே ஊர் கொதித்துப் போனது.

ஷிர்லி கடையில், தட்டைவிடப் பெரிய பன்றி இறைச்சி வறுவலைச் சின்ன பன்னுக்குள் வைத்துத் தின்றுகொண்டே ஆறு மாதம் சண்டை போட்டார்கள். முடிதிருத்தும் கஸ் சுயேச்சைக் கட்சி.

"நாம தோக்குறது நம்ம சொந்த விஷயம்" என்றான் கஸ். "அதை ஏன் அவனுங்க பட்டியல்ல போடணும்?"

"பட்டியல்ல போட்டா கடைசி இடம்னாவது ஒரு இடம் கிடைக்கும்ல" என்றாள் ஷிர்லி. "இப்ப நமக்கு இடமே இல்ல. எட்டாவதுன்னு சொல்லிக்கக்கூட வழியில்ல."

"எட்டாவதா இருக்கிறதுக்கு எதுக்கு ஒன்பது மாவட்டம்?"

"அஞ்சு மாவட்டம்."

"அதைத்தான் சொல்றேன்! எண்ணத் தெரியாதவன்கிட்ட போய் நம்ம தோல்வியை எண்ணச் சொல்றியா நீ?"

கஸ் அந்த வாதத்தில் ஜெயித்தான். ஷிர்லி அவன் காப்பிக் கோப்பையை நிரப்பாமல் போனாள்.

லின்டல் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது ஒன்றுதான். கூட்டமைப்பில் சேர்ந்தால் அட்டவணை, கூட்டமைப்பு ஆணையரின் அலுவலகத்திலிருந்து அச்சிட்டு வரும். தொலைபேசி வேண்டாம், முழங்கால் நோட்டு வேண்டாம், 2041 வேண்டாம். அவரும் வேண்டாம். அந்த மரப்படிக்கு அடியில் இருக்கும் நாற்காலிதான் அவர் மனைவி போனபிறகு அவர் தினமும் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புவதற்குக் காரணமாக இருந்தது. இதை அவர் சொல்லவில்லை. கோடையிலும் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்தாலே தெரியும்.

டாக்டர் பிக்ஸ்லர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். சங்கிலிக்கு எண்ணெய் கேட்கப் போன நானும் கதவருகே நின்றிருந்தேன்.

"லின்டல், உங்க வேலையை நான் குறை சொல்லவே இல்ல. ஆனா ஆணையர் ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. நாலே நொடியில முழு அட்டவணையும் போட்டுடுது."

"நாலு நொடியிலயா மேடம்?"

"நாலே நொடி."

"அந்த நாலு நொடியில யாரோட முழங்காலைப் பத்தி விசாரிக்குது?"

டாக்டர் பிக்ஸ்லர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "சரி, ஒரு ஒப்பந்தம் பண்ணிக்குவோம். இருபத்தொன்பது வருஷமா ஒரு சனிக்கிழமை தப்பலன்னு சொல்றாங்க. தப்பாத வரைக்கும் நாம சேர மாட்டோம். ஒண்ணே ஒண்ணு குளறுபடியாச்சுன்னா அன்னைக்கே கையெழுத்து."

"அன்னைக்கே நானே பேனா எடுத்துத் தர்றேன்" என்றார் லின்டல். கை குலுக்கினார்கள். எங்கள் பக்கத்தில் கை குலுக்கிய பிறகு வேறு காகிதம் தேவையில்லை.

கூட்டமைப்பின் ஆணையர் ப்ரென்ட் ஹல்லிகன் அப்படி நினைப்பவர் அல்ல. சேர்க்கைப் பத்திரத்தை மூன்றாக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு, எங்கள் களத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து உட்கார ஆரம்பித்தார். ஏழை எட்டாக்கினால் ஒரு அணியும் சும்மா இருக்காது, கணக்கு அழகாக விழும் என்பது அவர் கனவு. கனவு அவசரப்பட்டது. நாங்கள் சேர்ந்துவிட்டதாகவே வைத்து எட்டு அணிகளுக்கு ஓர் ஆட்டப் பட்டியல் அச்சிட்டு அனுப்பிவிட்டார். பிறகு, சேரவில்லை என்று நினைவூட்டப்பட்டு, ஏழு அணிகளுக்கு ஒரு திருத்தம். திருத்தத்தில் ஒரு கல்லூரியின் பெயர் இரண்டு முறை வந்திருந்தது. அந்தக் கல்லூரி தன்னோடு தானே ஆட வேண்டியிருந்தது. ஆகவே திருத்தத்துக்குத் திருத்தம். செப்டம்பருக்குள் ஐந்து பட்டியல்கள்.

பயிற்சியாளர்கள் பட்டியல் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் லின்டலின் தொலைபேசி தானாக அடிக்கத் தொடங்கியது.

"லின்டல், இந்த சனிக்கிழமை நான் எங்க போகணும்?"

"நீங்க எங்க ஆளு இல்லையே."

"அதனாலதான் உங்களைக் கேக்குறேன். எங்க ஆளுக்கு ஒண்ணும் தெரியல."

எந்தக் கூட்டமைப்பிலும் சேராத கல்லூரியின் அட்டவணைச் செயலர், கூட்டமைப்பின் ஏழு அணிகளையும் சனிக்கிழமைதோறும் சரியான ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஆணையருக்கு இது தெரியாது. ஐந்தாவது பட்டியல் நன்றாக வேலை செய்வதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஆணிக்கு வருகிறேன். அந்த ஜனவரியில் ஈமச்சடங்கு நிலையம் கைமாறி, நாட்காட்டி போடுவதை நிறுத்திவிட்டது. லின்டல் வங்கியின் நாட்காட்டியை வாங்கி வந்தார். அதன் ஓட்டை சின்னது. பழைய ஆணியின் தலை பெரியது. மாட்டவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகளில் முதல் முறையாக அவர் சுவரில் இரண்டாவது ஆணி ஒன்றை அடித்தார். வங்கி நாட்காட்டி அதில் தனியாகத் தொங்கியது. பழைய ஆணியில், வருங்காலங்கள் எல்லாம் கையால் போட்ட கட்டங்களோடு அப்படியே தொங்கின. ஒவ்வொரு ஜனவரியும் முன்தாளைக் கழற்றினால் அடியில் இருக்கும் தாள்தான் இந்த ஆண்டு. அந்த ஜனவரி அவர் கழற்றவில்லை. இந்த ஆண்டின் நாட்காட்டி வேறு ஆணிக்குப் போய்விட்டதால் பழைய ஆணியில் எழுதி வைத்ததைப் பார்க்கும் நினைவே அவருக்கு வரவில்லை.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை வந்தது. பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் நாள். ஆண்டிலேயே பெரிய நாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த நாளில் நாங்கள் வென்றதில்லை. பழைய மாணவர்கள் இடைவேளையோடு எழுந்து போய்விடுவது வழக்கமாகியிருந்தது. மதியம் ஒரு மணிக்கு ஆட்டம். பன்னிரண்டேகாலுக்குப் பேருந்து வந்தது. கானர்ட் கல்லூரி. பயிற்சியாளர் டக் ஓவர்பே இறங்கி, லின்டலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். செப்டம்பரில் அவர் கூப்பிட்டுக் கேட்டபோது லின்டல் வங்கி நாட்காட்டியை மட்டும் பார்த்து, அந்தச் சனிக்கிழமை காலி, வாங்க என்று சொல்லியிருந்தார்.

பன்னிரண்டரைக்கு இன்னொரு பேருந்து வந்தது.

செயின்ட் ஹில்டா கல்லூரி. அறுபது பேர், தலைக்கவசங்களோடு. முன்னால் இறங்கியவர் பயிற்சியாளர் ரஸ் ட்ரெட்வே. அந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறவர். கண் கலங்கியிருந்தது.

"லின்டல், வந்துட்டேன்ப்பா."

"எங்க வந்துட்டீங்க?"

"விளையாடாத. பத்து வருஷத்துக்கு முன்னாடி நீதானே சொன்ன? 'ரஸ், உன் கடைசி வருஷம் அக்டோபர்ல எங்க ஊருக்கு வா, கூட்டத்தோட வழியனுப்புறேன்'னு. பத்து வருஷமா எண்ணிக்கிட்டிருக்கேன்."

லின்டல் படிக்கு அடியில் இருக்கும் அறைக்குப் போனார். நானும் போனேன். பழைய ஆணியின் முன்தாளைத் தூக்கினார். அடியில், அவர் கையெழுத்திலேயே, பென்சிலில்: அக். மூன்றாவது சனி. ட்ரெட்வே. வழியனுப்பு. அதற்குக் கீழே கோடு போட்டிருந்தார். இரண்டு கோடு.

அவர் இரண்டாவது ஆணியைப் பார்த்தார். அடித்த ஆணியை அப்படி வெறுப்போடு ஒரு மனிதன் பார்த்து நான் கண்டதில்லை.

வெளியே களத்தில் மூன்று அணிகள் நின்றன. இரண்டு பெஞ்சுகள்தான் இருந்தன. எங்கள் அணி எங்கே உட்காருவது என்று தெரியாமல் பேண்டு வாத்தியக்காரர்களுக்கு நடுவே போய் நின்றது. எங்கள் பயிற்சியாளர், முதல் பாதி ஒருவரோடும் இரண்டாம் பாதி இன்னொருவரோடும் ஆடலாமா என்று கேட்டார். இரண்டு பேரிடமும் தனித்தனியாகத் தோற்பதற்கு நேரம் போதாது என்று யாரோ சொன்னார்கள்.

டாக்டர் பிக்ஸ்லர் வந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "லின்டல்…" என்றார்.

"தெரியும் மேடம். தப்பிடுச்சு. நான் சொன்னது சொன்னதுதான்." ஆணையரைத் திரும்பிப் பார்த்தார். "எங்க அந்தப் பேப்பர்? குடுங்க."

ஆணையர் ஹல்லிகன் அதற்குள் பத்திரத்தை வெளியே எடுத்திருந்தார். முதல் வரிசையிலிருந்து ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. டாக்டர் பிக்ஸ்லரிடம் நீட்டப் போனவர், இரண்டு பேருந்துகளின் பெயரையும் அப்போதுதான் படித்தார். நீட்டிய கை நின்றது.

"ஓவர்பே" என்றார். "நீங்க இன்னைக்கு எங்க இருக்கணும்?"

"இங்கதான்."

"ட்ரெட்வே, நீங்க?"

"இங்கதான். பத்து வருஷமா."

ஆணையர் இன்னொரு பையிலிருந்து ஐந்தாவது பட்டியலை எடுத்துப் பிரித்தார். அருகில் நின்ற பிக்கப் வண்டியின் முன்மூடியில் வைத்து விரலால் தேடினார். விரல் ஓரிடத்தில் நின்றதும் அவர் நிறம் மாறியது.

"நீங்க ரெண்டு பேரும் இன்னைக்கு ஒருத்தரோட ஒருத்தர் ஆடணும். கானர்ட்ல. ஒரு மணிக்கு."

"அப்படியா?" என்றார் ஓவர்பே.

"சாம்பியனைத் தீர்மானிக்கிற ஆட்டம்! உங்க ரெண்டு பேரையும் தவிர தோக்காதவங்க யாருமே இல்ல!"

"எனக்கு அடுத்த வாரம்னு ஞாபகம்" என்றார் ட்ரெட்வே. "இவரைக் கேட்டிருக்கலாம். இவர்தான் எப்பவும் சரியாச் சொல்வார்." லின்டலைக் காட்டினார். லின்டல் தன் காலணியைப் பார்த்தார்.

கானர்ட் எங்கள் ஊரிலிருந்து எழுபது மைல். ஆனால் கானர்ட் மாவட்டம் வேறு நேர மண்டலம், அங்கே மணி எங்களுக்கு ஒரு மணி நேரம் பின்னால். இங்கே ஒரு மணி என்றால் அங்கே பன்னிரண்டு. ஆணையர் முதலில் பிழைத்துவிட்டோம் என்றார். பிறகு எழுபது மைலை இரண்டு பழைய பேருந்துகளால் வகுத்துப் பார்த்து, இல்லை என்றார். விதிப்புத்தகத்தை எடுத்தார். உரிய நேரத்தில் உரிய களத்தில் இல்லாத அணிக்குத் தோல்வி. இரண்டு அணிக்கும் தோல்வி. அப்படியானால் சாம்பியன், அந்தச் சனிக்கிழமை ஆட்டமே இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மூன்றாவது இடத்துக் கல்லூரி.

"ஆட்டத்தை இங்கயே நடத்திட்டா?" என்றேன் நான். சங்கிலி கையில் இருந்தது. பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் நிற்பது.

ஆணையர் பக்கம் புரட்டினார். "உறுப்பினர் களத்துக்கு ஆட்டத்தை மாத்தணும்னா பதினாலு நாள் முன்னாடி எழுத்துல அறிவிக்கணும்." இன்னும் ஒரு வரி கீழே போனார். "உறுப்பினர் அல்லாத பொதுக்களம்னா… ஆணையர் வாய்ச்சொல் போதும்."

எல்லோரும் அவர் கையிலிருந்த சேர்க்கைப் பத்திரத்தைப் பார்த்தோம். அவரும் பார்த்தார். மெதுவாக அதை மூன்றாக மடித்தார்.

"குடுங்க" என்றார் லின்டல். "வாக்குக் குடுத்திருக்கேன். மேடம் கையெழுத்துப் போடணும்."

"இன்னைக்கு வேண்டாம்."

"அன்னைக்கேன்னு பேச்சு. பேனா எங்க?"

"எங்கிட்ட பேனா இல்ல" என்றார் ஆணையர். அவர் சட்டைப் பையில் மூன்று பேனாக்கள் வரிசையாக நின்றன.

"மேடம், நீங்களே சொல்லுங்க. நான் ஏமாத்துறவன் இல்ல."

"லின்டல், அவர் பேப்பரைத் தர மாட்டேங்கிறாரே, நான் என்ன பண்றது?"

லின்டல் பத்திரத்தின் ஒரு முனையைப் பிடித்தார். ஆணையர் மறு முனையை விடவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகளாக எங்களைச் சேர விடாமல் காத்தவர் சேர்த்துக்கொள்ளச் சொல்லி இழுத்தார். அதுவரை சேரச் சொல்லிப் பின்னால் அலைந்தவர் மாட்டேன் என்று இழுத்தார். பழைய மாணவர்கள் படிகளில் எழுந்து நின்று பார்த்தார்கள். எந்தப் பக்கம் என்று தெரியாமலே கை தட்டினார்கள். கடைசியில் ஆணையர் பத்திரத்தைப் பிடுங்கித் தொப்பிக்குள் வைத்துத் தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டார்.

"இது உறுப்பினர் அல்லாத களம்!" என்று உரக்க அறிவித்தார். "ஆட்டம் இங்கே நடக்கும்!"

கானர்டும் செயின்ட் ஹில்டாவும் எங்கள் களத்தில், எங்கள் விழாவில், எங்கள் சங்கிலி அளக்க, ஆடின. எங்கள் அணி முழு உடையோடு பேண்டு வாத்தியத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. எங்கள் ஆட்கள் இரண்டு தரப்புக்கும் கத்தினார்கள். இடைவேளையில், விழா ராணியாகத் தேர்ந்தெடுத்த மாணவிக்கு முடி சூட்டினோம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. செயின்ட் ஹில்டா மூன்று புள்ளியில் வென்றது. அவர்கள் ட்ரெட்வேயைத் தோளில் தூக்கியபோது, எங்கள் ஊர்ப் பழைய மாணவர்கள் இருபத்திரண்டு ஆண்டுகள் சேர்த்துவைத்த சத்தத்தை எல்லாம் போட்டார்கள். ஓவர்பே தோற்றது தன் ஊரில் இல்லை என்பதில் திருப்தியாகவே போனார்.

டாக்டர் பிக்ஸ்லரின் கன்னங்கள் சிவந்திருந்தன. "லின்டல், இந்த விழாவுல நாம தோக்காம இருந்தது இருபத்திரண்டு வருஷத்துல இதுதான் முதல் தடவை. அடுத்த வருஷமும் இப்படியே பண்ணலாமா?"

லின்டலுக்கு வந்த கோபத்தை நான் அன்றுதான் பார்த்தேன். "அடுத்த வருஷம் நாம ஆடுவோம் மேடம்" என்றார். "ஆடித் தோப்போம்."

பத்திர விஷயம் முடியவில்லை. திங்கட்கிழமை லின்டல் ஆணையரைக் கூப்பிட்டார், வாக்கு வாக்குதானே என்று. இப்போது சேர்த்தால் சாம்பியன் பட்டமே கேள்விக்குள்ளாகும், பருவம் முடியட்டும் என்றார் அவர். பருவம் முடிந்ததும் லின்டல் மறுபடி கூப்பிட்டார். இந்த மாதிரிக் குழப்பம் மறுபடி வந்தால் ஆடுவதற்கு ஒரு பொதுக்களம் இருந்தாக வேண்டும் என்று ஏழு கல்லூரிகளும் தீர்மானம் போட்டுவிட்டன என்றார் ஆணையர். அதைச் சொல்வதற்கு முன் அவர் லின்டலிடம் மழையைப் பற்றியும், சோளத்தைப் பற்றியும், தன் அம்மாவின் இடது முழங்காலைப் பற்றியும் பத்து நிமிடம் பேசினார். பதினோராவது நிமிடத்தில், ஆறாவது பட்டியலை அச்சிடுவதற்கு முன் லின்டல் ஒருமுறை பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார்.

லின்டல் நோட்டை எடுத்து முழங்காலைக் குறித்துக்கொண்டார்.

ஆனாலும் மனம் ஆறவில்லை. கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறதே. ஜனவரியில், நான் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் திருப்புளியால் வங்கி நாட்காட்டியின் ஓட்டையை அகலமாக்கிப் பழைய ஆணியிலேயே மாட்டினார். இரண்டாவது ஆணியைக் குறட்டால் பிடுங்கிக் குப்பையில் போட்டார். அந்த ஓட்டையைப் பற்பசை வைத்து அடைத்தார். பிறகு ஆணையருக்குத் தொலைபேசி செய்தார். இந்த முறை மழை இல்லை, சோளம் இல்லை.

"கையெழுத்துக்கு ஒரு தேதி சொல்லுங்க. எனக்கு 2042 அக்டோபர் மூணாவது சனிக்கிழமை காலியா இருக்கு."

மறுமுனையில் ஆணையர் உடனே சரி என்றார்.

லின்டல் அளவுகோலை எடுத்து, 2042-க்குக் கட்டம் போட்டு, பென்சிலால் எழுதினார். இரண்டு கோடு போட்டார். எல்லாவற்றுக்கும் பின்னால் அதை மாட்டிவிட்டு, கழுத்துப் பொத்தானைச் சரி பார்த்துக்கொண்டு, ஓவர்பேயின் எண்ணைச் சுழற்றினார். அன்று செவ்வாய்க்கிழமை. தானிய விலை முடிந்துவிட்டிருந்தது.